ஐந்து துணி, மூன்று அடுப்பு

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிழிந்துபோன மல் வேட்டி ஒன்றைச் சலவை சோடா போட்டு அவித்து, அலசிக் காயவைத்து, உள்ளங்கை அகலத்துக்குத் துண்டு துண்டாக வெட்டினேன். அவற்றில் ஐந்தை வீட்டுக்குள் ஐந்து இடங்களில் நூலில் கட்டித் தொங்கவிட்டேன். முகப்பில் ஒன்று, நடு முற்றமான வளவின் தூணில் ஒன்று, எங்கள் அறை வாசலில் ஒன்று, அறைக்கு உள்ளே ஒன்று, அடுப்படியின் வாசல் நிலையில் ஒன்று. அடுத்த ஞாயிறு அவற்றை அவிழ்த்து ஒரு நோட்டில் தேதி போட்டு ஒட்டினேன். பிறகு புதிதாக ஐந்து கட்டினேன்.

அறுபதுகள் முடியப்போகிற சமயம். எனக்கு நாற்பத்து நான்கு வயது. காரைக்குடியில் ஒரு கல்லூரி நூலகத்தில் உதவியாளனாக இருந்தேன். மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. எங்கள் பங்குக்கு நானும் என் மனைவியும்தான் மீதி. அவளுக்கு இழுப்பு. மூன்று வருடமாக ஐப்பசியில் வந்து தை முடியப் போய்க்கொண்டிருந்தது, அந்த வருடம் ஆவணியிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் நெஞ்சுக்கூடு ஏறி இறங்கும். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் ஐந்தாவது வார்த்தைக்கு மூச்சு இருக்காது. பேச்சையே குறைத்துக்கொண்டாள். கேட்டதற்குத் தலையை ஆட்டுவாள், அல்லது கையைக் காட்டுவாள்.

டாக்டர் நல்லவர், ஆனால் சுற்றி வளைக்காதவர். "மருந்து நான் தாரேன்" என்றார். "புகைக்குள்ளயே உக்காந்திருந்தா மருந்து என்ன செய்யும்? இப்படியே ரெண்டு மூணு வருஷம் போச்சுன்னா நெஞ்சு தாங்காது. வீட்டுல புகை எங்கெங்க போகுதுன்னு பாருங்க. அது உங்க வேலை."

வேலை என்று சொல்லிவிட்டால் நான் செய்துவிடுவேன். பதினெட்டு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவன். நூலகத்தில் வாரம் ஒருமுறை அலமாரிகளைத் துடைக்கும் துணியைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது. எந்த அலமாரியில் தூசி அதிகம் என்று துணியே சொல்லும். வெள்ளையாக இருந்தால் பூச்சியம், கரிக்கட்டையாக இருந்தால் ஐந்து என்று வரிசை வைத்துக்கொண்டேன். தினமும் காலையில் குளித்து வந்ததும் இன்னொரு பக்கத்தில், முந்தின நாள் அவளுக்கு இழுப்பு இருந்ததா இல்லையா என்று குறித்தேன். இருந்தால் ஒரு கோடு. கடுமையாக இருந்தால் இரண்டு.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தகப்பனாரின் தகப்பனார் கட்டியது. முகப்பு கிழக்குத் தெருவைப் பார்க்கும், அடுப்படி மேற்குக் கோடியில் பின்பக்கச் சந்து ஒன்றைப் பார்க்கும். அதில் ஐந்து புள்ளிகளுக்குப் பங்கு. கல்யாணமான ஒவ்வோர் ஆணும் எங்களில் ஒரு புள்ளி. கல்யாணமாகிச் சில மாதத்தில் பெற்றவர்களே மகனையும் மருமகளையும் வேறு வைத்துவிடுவார்கள். வேறு வைப்பது என்றால் வேறு வீட்டுக்கு அனுப்புவது இல்லை. அதே வீடு, அதே வளவு, அதே கிணறு. அடுப்பு மட்டும் வேறு. அரிசி பருப்பிலிருந்து விறகுவரை கொடுத்து, நல்ல நாள் பார்த்து, மருமகள் தன் அடுப்பில் பால் காய்ச்சுவாள். அன்றிலிருந்து அவள் ஒரு குடும்பத்துக்காரி.

ஐந்து புள்ளிகளில் ஒன்று பினாங்கில், ஒன்று சென்னையில். மற்ற மூன்று புள்ளிகளும் வீட்டில் இருந்தோம். அண்ணன் குடும்பத்தில் நான்கு பேர், நாங்கள் இரண்டு பேர், பிள்ளை இல்லாமல், காலமான சித்தப்பாவின் புள்ளிக்கு மிஞ்சியிருந்த எங்கள் சின்னாத்தா ஒருவர். சின்னாத்தா தன் ஒரு வாய்க்குத் தனி அடுப்பு மூட்டினார். ஆக ஏழு பேர் சாப்பிட மூன்று அடுப்பு, காலையும் மாலையும், ஒரே அடுப்படியில் வரிசையாக எரிந்தன. இதில் யாருக்கும் ஒரு விசித்திரமும் படவில்லை. எனக்கும்தான்.

துணிகளைப் பார்த்து அண்ணன் முதல் நாளே கேட்டார்: "என்னப்பா, வீடு பூராவும் கொடி ஏத்தியிருக்கே. எந்தக் கட்சி?"

சின்னாத்தா இன்னும் நேராகப் போனார். "பொண்டாட்டிக்கு மூச்சு வாங்குனா மருந்து வாங்கிக் குடுப்பாக. இவன் கந்தலைக் கிழிச்சுத் தொங்கவிடுறான். பேய் ஓட்டுறியாடா?"

"புகை எங்க போகுதுன்னு பாக்குறேன், சின்னாத்தா."

"புகை எங்க போகும்? கண்ணுக்குத்தான் போகும். எங்கிட்டக் கேட்டிருந்தா வேட்டியக் கிழிக்காமச் சொல்லியிருப்பேன்."

மார்கழி முடிவதற்குள் ஐந்து வாரத் துணிகள் நோட்டில் சேர்ந்துவிட்டன. முகப்புத் துணிகள் ஒன்று அல்லது ஒன்றரை. வளவுத் தூணில் இரண்டு. அடுப்படி நிலையில் நான்கு. எங்கள் அறை அடுப்படிக்கு அடுத்தது, அதற்கு ஒரே ஒரு சின்ன ஜன்னல். அறை வாசலில் மூன்றரை, உள்ளே மூன்று. புகை அடுப்படியிலிருந்து கிளம்பி, நிலை வழியாக வந்து, எங்கள் அறைக்குள் நுழைந்து, வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்குகிறது என்பது தெளிவாகிவிட்டது.

சின்னச் சின்ன வைத்தியங்களை முதலில் செய்து பார்த்தேன். அறையில் சாம்பிராணி போடுவதை நிறுத்தினேன். மழையில் நனையும் விறகைப் பின்கட்டுத் தாழ்வாரத்துக்குள் அடுக்கவைத்தேன். பம்ப் ஸ்டவ் ஒன்று வாங்கினேன். மண்ணெண்ணெய் வாடைக்கே அவளுக்கு இழுப்பு வந்தது. மூன்றாம் நாள் அதைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். துணியின் நிறத்தில் அரைப்புள்ளிகூட மாற்றமில்லை. அடுப்படியின் மேற்குச் சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு புகைத்துளை போட்டால்தான் தீரும் என்று முடிவுக்கு வந்தேன்.

கொத்தனாரை அழைத்து வந்து காட்டினேன். சுவரைத் தட்டிப் பார்த்தார். "போட்டுரலாம். ரெண்டு நாள் வேலை. ஆனா சுவரு உங்க ஒருத்தருதா?"

இல்லை. அடுப்படி பொது. பொதுச் சுவரில் ஆணி அடிப்பது வேறு, துளை போடுவது வேறு. அண்ணன் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதை மறுக்கவும் முடியவில்லை. "நாளைக்கிப் பினாங்குக்காரர் வந்து எறங்கி, ஏன்டா சுவரை ஒடச்சீகன்னு கேட்டா, ஒன் நோட்டையா காட்டுவே? எழுதிக் கேட்டுரு. கையெழுத்து வரட்டும்."

எழுதினேன். இரண்டு கடிதங்கள், கார்பன் வைத்து நகலும் எடுத்துக்கொண்டேன். துளையின் அளவு, இடம், காரணம், மேலே ஓட்டுக் குல்லாய் வைக்கப்போவது எல்லாம் எழுதியிருந்தேன். சென்னையிலிருந்து பத்து நாளில் பதில் வந்தது. ஒன்றரை அடி எதற்கு, ஒரு அடி போதாதா என்று. நான் விளக்கி எழுதினேன். வரும் ஆவணியில் அவர் மகனுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறது, அதற்கு வீடு வெள்ளையடிக்கும்போது சேர்த்துச் செய்துகொள்ளலாமே என்று அடுத்த பதில். என் மனைவியால் அதுவரை மூச்சை நிறுத்திவைக்க முடியாது என்று எழுதி, பிறகு அந்த வரியை அடித்துவிட்டு, வேறு தாளில் மரியாதையாக எழுதினேன். பினாங்குக் கடிதம் போகவும் வரவும் அதன் காலத்தை எடுத்துக்கொண்டது. அவர் சம்மதித்தார். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகிய பழைய பூச்சில் கீறல் விழக்கூடாது என்று மட்டும் எழுதியிருந்தார். அந்தப் பூச்சு வளவில் இருக்கிறது. அடுப்படியில் இருப்பது கரி. அதையும் விளக்கி ஒரு கடிதம் எழுதினேன்.

இதற்கு நடுவில், மாசியில், அவள் நாட்டரசன்கோட்டைக்குத் தன் பிறந்த வீட்டுக்குப் போனாள். மூன்று வாரம். நான் இரண்டாவது ஞாயிறு பார்க்கப் போனபோது, கிணற்றடியில் நின்று பக்கத்து வீட்டுத் தோழியோடு பேசிக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டே சிரித்தாள். சிரித்து முடித்தும் மூச்சு மீதி இருந்தது. எத்தனை கோடு என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல. வந்த மறுநாளு கொஞ்சம் இருந்துச்சு. பெறகு இல்ல" என்றாள்.

நான் கையோடு கொண்டுபோயிருந்த துணிகளை அங்கேயும் கட்டினேன். மாமனார் பெரிய மனிதர், ஒன்றும் சொல்லவில்லை. மாமியார் மட்டும் மகளிடம் காதோடு, "ஒங்க வீட்டுக்காரர் என்னத்துக்கு வேண்டிக்கிட்டு இருக்காக?" என்று கேட்டாராம்.

அந்தத் துணிகள் ஒன்றரையைத் தாண்டவில்லை. 'அடுப்படி ஜன்னல் அகலம் மூன்று அடி. காற்றோட்டம் நன்று. எனவே துளை அவசியம்' என்று நோட்டில் எழுதினேன். அதற்கு மேல் வரியில், வழக்கம்போல, வீட்டு விவரத்தையும் எழுதியிருக்கிறேன்: 'மைத்துனர் குடும்பம் மலாயாவில். வீட்டில் மூவர். அடுப்பு ஒன்று.' என் கையெழுத்துதான். அழகாகவே இருக்கிறது.

பங்குனிக் கடைசியில் இரண்டு கையெழுத்தும் வந்துசேர்ந்தன. சித்திரையில் கொத்தனார் வந்தார். சுவரை இடிக்கத் தொடங்கியதும் சின்னாத்தா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்தார்.

"மேக்காலயா போடுறே?"

"வேற பக்கம் இல்லையே, சின்னாத்தா. கிழக்க வளவு. வடக்கயும் தெக்கயும் அறை."

"ஆடி வந்தா என்ன செய்வே?"

"ஆறு மாசமா எழுதியிருக்கேன். காத்து கிழக்கேருந்து மேக்கத்தான் போகுது. நோட்டுல இருக்கு."

"நோட்டுல ஆடி வந்துருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். கொத்தனார் சிரிப்பை அடக்கிக்கொண்டு கரணையைத் துடைத்தார்.

சித்திரையும் வைகாசியும் நான் நினைத்தபடியே போயின. அடுப்படி நிலையில் நான்கு இரண்டரையானது. அறைக்குள் மூன்று ஒன்றரையானது. வைகாசி முழுவதும் ஆறே கோடுகள். புகை துளை வழியாகக் கயிறு திரித்தாற்போல் வெளியே போவதைச் சந்தில் நின்று பார்த்தேன். நூலகத்துக்கு அரைமணி நேரம் தாமதமாகப் போனேன். அதற்கு முன்னும் பின்னும் நான் தாமதித்ததில்லை. அன்று நாட்குறிப்பில் 'திருப்தி' என்று ஒரே சொல் எழுதியிருக்கிறேன்.

ஆனி பாதியில் மேல்காற்று தொடங்கியது. துளை இப்போது வாசலாகிவிட்டது. சந்துப் புழுதியை அள்ளிக்கொண்டு உள்ளே வந்தது, வழியில் மூன்று அடுப்பின் புகையையும் சேர்த்துக்கொண்டது, நேராக எங்கள் அறைக்கு வந்தது. முன்பெல்லாம் புகை மெல்ல நடந்து வந்தது. இப்போது ஓடி வந்தது. முதல் வாரத் துணி நாலரை. ஓட்டுக் குல்லாயைத் திருப்பி வைத்தேன். சாக்கை நனைத்துக் கட்டினேன். காற்று சாக்கை அவிழ்த்து அடுப்பின்மேல் போட்டது.

ஆடி இரண்டாம் வாரம், ஒரு திங்கட்கிழமை காலையில், அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அண்ணமிண்டி, அதாவது என் அண்ணன் மனைவி, அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்ட குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். நானும் அண்ணனும் வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவள் என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். எதுவும் சொல்ல முயலவில்லை. சொல்ல வேண்டிய மூச்சை எல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

ஏழு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அந்த ஏழு நாளும் எங்கள் அடுப்பு எரியவில்லை. அண்ணமிண்டி எங்களுக்கும் சேர்த்துச் சமைத்து அனுப்பினார். நோய்க்குச் சமைத்துப் போடுவது வழக்கத்தில் குற்றம் இல்லை. சின்னாத்தாவும் பகலில் ஆஸ்பத்திரிக்கு வந்து உட்கார்ந்துகொண்டதால் தன் அடுப்பை மூட்டவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து ஒரு கை அரிசிக்கு அடுப்பு மூட்டுவாளா ஒருத்தி" என்று அவரும் அண்ணமிண்டியிடமே சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை துணி மாற்ற வீட்டுக்கு வந்தேன். அந்த நிலையிலும் வந்தேன் என்பதைப் பெருமையாகச் சொல்லவில்லை. கை பழகிப்போயிருந்தது. துணிகளை அவிழ்த்து நோட்டில் வைத்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். மேல்காற்று அதே வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. துளை திறந்தே கிடந்தது. அடுப்படி நிலையில் ஒன்றரை. அறைக்குள் ஒன்று.

பக்கங்களைப் பின்னோக்கித் திருப்பினேன். நாட்டரசன்கோட்டைப் பக்கம் வந்தது. 'அடுப்பு ஒன்று.'

நோட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அண்ணமிண்டி ஆஸ்பத்திரிக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். துணிகளைக் காட்டி, போன வாரம் இது, இந்த வாரம் இது, காரணம் துளை இல்லை, அடுப்பின் எண்ணிக்கை என்று சொன்னேன். அவர் தூக்குச் சட்டியை மூடிவிட்டு நோட்டைப் பொறுமையாகப் பார்த்தார்.

"இம்புட்டு எழுதியிருக்கீகளே தம்பி, இந்தா இங்ஙன, அவ உக்கார்ற எடத்துல ஒரு துணியக் கட்டினீகளா?"

கட்டவில்லை. நிலையில் கட்டினேன். நிலைக்கு உள்ளே எட்டு மாதத்தில் ஒரு நாளும் நான் உட்கார்ந்ததில்லை. புகை எங்கே போகிறது என்று பார்த்தவன், எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை.

"மூணு அடுப்புன்னு எங்களுக்குத் தெரியாதா?" என்றார் அவர். "தெரியும். யாரு சொல்றது? சொன்னா, ஒன் அடுப்ப அணைன்னு சொன்ன மாதிரி ஆகாதா?"

அதுதான் விஷயம். ஒரு புள்ளியின் அடுப்பு அணைந்தது என்றால், எங்கள் ஊரில் அதற்கு இரண்டே அர்த்தம். ஒன்று, நொடித்துப்போய் அண்ணன் சோற்றில் ஒண்டிக்கொண்டார்கள். மற்றது சொல்ல வேண்டாம். ஒரு துளைக்குப் பினாங்குவரை எழுதினேன். பக்கத்து அடுப்பில் ஒரு கை அரிசி சேர்த்துப் போடச் சொல்லி எட்டடி தூரத்தில் இருந்தவரிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் அவளிடம் சொன்னேன். கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தாள். நான் நோட்டை விரிப்பதற்குள் கையைக் காட்டித் தடுத்துவிட்டாள்.

"நோட்டு வேணாம். சொல்லுங்க."

"இனிமே அண்ணமிண்டி அடுப்புலயே நமக்கும் ஆகட்டும். ஒரு அடுப்பு எரிஞ்சாப் போதும்."

தலையணையில் கையூன்றி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அது மூச்சுக்காகவா, கோபத்தாலா என்று தெரியவில்லை. பிறகு சொன்னாள்:

"அந்த அடுப்பு எங்க ஆத்தா வந்து நின்னு பால் காய்ச்ச வச்சது. இருபத்தஞ்சு வருஷம். அது எரியலைன்னா நான் இந்த வீட்டுல யாரு? ஆச்சிக்கு வந்த விருந்தாளியா?" அண்ணமிண்டியை அவள் ஆச்சி என்றுதான் கூப்பிடுவாள்.

"டாக்டர் சொன்னதை நீயும்தான் கேட்டே."

"கேட்டேன்."

"அப்ப?"

"அப்ப என்ன? மூச்சும் வேணும், அடுப்பும் வேணும். ஒங்க நோட்டுல அதுக்கு வழி இருந்தாச் சொல்லுங்க."

என் நோட்டில் இல்லை. வழி அண்ணமிண்டியிடமிருந்து வந்தது. நாலு நாள் கழித்து, எங்கள் அறை வாசலில் சின்னாத்தாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அவர் என் மனைவியிடம் சொன்னார்:

"ஆளுக்குப் பத்து நாளு. அடுப்பு மூணும் அதுஅது எடத்துல இருக்கட்டும். எரியிறது ஒண்ணுதான். என் முறைக்கு என் அடுப்புல ஏழு பேருக்கும் ஆகும். பெறகு சின்னாத்தாவுக்கு, அவுக அடுப்புல. கடைசியா ஒனக்கு, ஒன் அடுப்புல. யாரு அடுப்பும் அணையல. என்ன சொல்றே?"

சின்னாத்தா உடனே சண்டைக்கு வந்தார். "நான் ஏழு பேருக்கு வடிச்சுக் கொட்டணுமாக்கும்? என் அடுப்பு அம்புட்டுச் சோத்தைக் கண்டதே இல்லடி."

"அதுவும் ஒரு தடவ கண்டுக்கிறட்டும். கை வேலைய நாங்க பாக்குறோம். நீங்க உக்காந்து அதிகாரம் பண்ணுங்க. அதான் நல்லா வருமே."

"பின்னே, ஒனக்கு வருமா அது?" என்றார் சின்னாத்தா. அவருக்குச் சம்மதம் என்று அர்த்தம்.

அண்ணனுக்குத்தான் கடினமாக இருந்தது. 'ஊரு என்ன சொல்லும்' என்று இரண்டு நாள் வளவில் நடந்தார். பிறகு சின்னாத்தா முறையில் அவருக்குப் பிடித்த கெட்டிக் குழம்பு கிடைத்தது. நடப்பதை நிறுத்திவிட்டார்.

எனக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது. அவள் முறைப் பத்து நாளில், அவள் அடுப்பில் வேறு யாராவது தீயைப் பார்த்துக்கொள்ளலாமே, அவள் தள்ளி உட்காரலாமே என்று. அண்ணமிண்டி தானே செய்வதாகவும் சொல்லிவிட்டார். அவள் ஒப்பவில்லை.

"என் அடுப்புல இன்னொருத்தர் உக்காந்தா அது எப்படி என் முறையாகும்?" என்றாள். "இருபது நாளு மூச்சு விட்டுக்கிறேன். பத்து நாளு இருமிக்கிறேன். போதும்."

போதாது என்று எனக்குத் தெரியும். டாக்டருக்கும் தெரியும். முறை வைத்த கதையை அவரிடம் சொன்னபோது, நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "முப்பதுக்குப் பத்து பரவாயில்ல. இதுக்கு மேல நான் சொன்னா ஒங்க வீட்டுல கேப்பாகளா?" என்றார். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆறாவது துணியை அடுப்படிக்கு உள்ளே, அவள் உட்காரும் இடத்தில், அவள் தலை உயரத்தில் கட்டினேன். அவள் முறை முடிந்ததும் அவிழ்த்தேன். என் வரிசையில் அதற்கு எண் இல்லை. நோட்டில் ஒட்டி, பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டேன். அப்படி ஒற்றை அடுப்பு எரியும்போதே இது என்றால், மூன்றும் எரிந்த வருடங்களுக்கு என்ன துணி கட்டுவது?

துளையை அடைத்துவிடலாம் என்று கொத்தனாரிடம் கேட்டேன். "போடக் கையெழுத்து வாங்கினீக. அடைக்க வாங்கிட்டீகளா?" என்று கேட்டார். வேடிக்கைக்குத்தான் கேட்டார். எனக்கு மறுபடி கடிதம் எழுதத் தெம்பு இல்லை. ஆனி பிறந்தால் ஒரு தகரத்தை வைத்துக் கட்டுகிறேன், ஐப்பசியில் அவிழ்க்கிறேன். சென்னைக்காரர் மகன் கல்யாணத்துக்கு வந்தபோது அதைப் பார்த்து, ஒரு அடி போதும் என்று அப்போதே சொன்னேனே என்றார்.

இப்படி நாலு வருடம் ஓடியது. நோட்டில் பார்த்தால் அலை மாதிரி இருக்கும். இருபது நாள் வெற்றிடம், அங்கங்கே ஒரு கோடு. பிறகு பத்து நாள் கோடுகள், கடைசி மூன்று நாள் இரட்டைக் கோடுகள். பிறகு மெல்ல மெல்ல வெற்றிடம். சமையல் எரிவாயு என்று ஒன்று பெரிய ஊர்களில் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு எழுதிக் கேட்டேன். எங்கள் பக்கம் வர நாளாகும் என்றார்கள். நாளாகும் என்பதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அது ஒரு பதிலாகவே படுவதில்லை. இருபது நாளில் அவள் பேசினாள். கிணற்றடியில் நின்று சிரித்தாள். பத்து நாளில் தலையை ஆட்டினாள். நானும் அதற்குத் தகுந்தாற்போல், கேட்க வேண்டியதை எல்லாம் அந்த இருபது நாளுக்குள் கேட்டுக்கொள்ளப் பழகினேன்.

போன வருடம் மாசியில் சின்னாத்தா போய்ச்சேர்ந்தார். காரியங்கள் முடிந்து, உறவினர்கள் எல்லாம் திரும்பிய பிறகு, நான் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முப்பதை இரண்டால் வகுப்பதற்கு நோட்டு தேவையில்லை. ஆனாலும் எழுதிப் பார்த்தேன். பதினைந்து. பத்து நாளையே கடைசி மூன்று நாள் இழுத்துக்கொண்டு கடக்கிறவள் பதினைந்தாம் நாள் எப்படி இருப்பாள்? அண்ணமிண்டி இருபது நாள் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவளிடம் சொன்னேன்.

"ரெண்டு பேரு இருந்தா ஆளுக்குப் பாதி" என்றாள். "ஆச்சிக்கும் வயசாகுது. நான் என்ன பங்குக்குக் கொறஞ்சவளா?"

ஆஸ்பத்திரி, நீலம் பாரித்த உதடு, டாக்டர் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "நாளைக்கி ஆச்சி முறை முடியுது. நாளமறுநாளு நான் மூட்டுவேன்" என்றாள். வரிசைப்படி அது சின்னாத்தாவின் முறை தொடங்கும் நாள்.

அன்று காலை நான் சீக்கிரமே எழுந்து குளித்துவிட்டு அடுப்படி நிலையில் போய் நின்றேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் எனக்குப் பின்னாலேயே சுளகில் அரிசியுடன் வந்தாள்.

உள்ளே ஏற்கெனவே தீ எரிந்துகொண்டிருந்தது. அண்ணமிண்டி சின்னாத்தாவின் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவருடைய அடுப்பில் சாம்பல் அள்ளிச் சுத்தமாக மெழுகியிருந்தது. எங்கள் அடுப்பிலும் அப்படியே.

"என்ன ஆச்சி இது?" என்றாள் அவள். "என் முறைல்ல?"

அண்ணமிண்டி திரும்பவில்லை. விறகை உள்ளே தள்ளினார்.

"சின்னாத்தா அடுப்பு எரியிது, கண்ணு தெரியலையா? அவுக முறை பத்து நாளு. அவுகளுக்குப் பிள்ளையா குட்டியா, யாரு மூட்டுவா? நான் மூட்டுறேன். ஒன் முறை வர்றப்ப நீ வா. அதுவரைக்கும் வளவுல உக்காந்து அந்த முருங்கைக்கீரைய ஆய்ஞ்சு குடு."

அவள் சுளகைப் பிடித்தபடியே நின்றாள். சின்னாத்தாவின் அடுப்பை அணை என்று அந்த வீட்டில் யாரும் சொல்ல முடியாது. அவளாலும் முடியவில்லை. சுளகை வைத்துவிட்டுக் கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு வளவுக்குப் போனாள்.

நானும் அறைக்கு வந்தேன். நோட்டில் அந்தப் பத்து நாளுக்குக் கட்டம் போட்டு, தலைப்பில் 'சின்னாத்தா முறை' என்று எழுதினேன். அது ஒரு வருடத்துக்கு முன்னால். இன்றைக்கும் அப்படித்தான் எழுதிவருகிறேன்.